இரவல் கறுப்பு

ஹட்டன் நீதிமன்ற மேட்டில்
மாருதியை நிறுத்தியதும்
பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்.
ஹேண்ட்பிரேக்கை நம்பாத பழக்கம்
பதினோரு வருடமாய்.

நான் குனிவதைப்
படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்
புதிதாய் வழக்கோடு வந்தவர்கள்.
நிமிர்ந்து கறுப்புக் கோட்டை உதறுவதற்குள்
பாதிப் பேரைக் காணோம்.
எதிரே வெள்ளை ப்ராடோ.
அதன் சொந்தக்காரர்
தவணை கேட்பதில் மட்டும் கெட்டிக்காரர்.
ஆனால் அந்தக் கதவு சாத்தும் ஓசை இருக்கிறதே,
தொப்பென்று,
எழுதி முடித்த தீர்ப்பு மாதிரி.
என்னுடையது இரண்டுதரம் அடித்தால்தான் பூட்டும்.

குறை சொல்லவில்லை.
நானும் பல் பிடுங்கப் போனால்
டொக்டர் எதில் வந்து இறங்குகிறார் என்று
ஜன்னலால் எட்டிப் பார்க்கிறவள்தான்.

சிவனம்மா போகவில்லை.
புருஷனின் சர்விஸ் காசு
நான்கு வருடமாய்க் கம்பெனிக் கோப்பில் ஊறுகிறது.
வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஆள் வருகிறது,
தோட்டத்து ஆபீசில் பேச்சு.
வருகிறேன் என்றேன்.
சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"லோயரம்மா, கோவிச்சுக்கக் கூடாது.
இந்தக் காரு நம்ம ஏத்தம் ஏறாது."

ஏறும்.
போன மாதமும் ஏறியது.
பின்னால் தள்ளியவர்களில் அவளும் ஒருத்தி.

டெரன்ஸ் மச்சானிடம் போனேன்.
கல்யாண ஹயருக்கு விடும் கறுப்பு வெசல்,
இறக்குமதித் தடைக் காலத்தில்
வீட்டு விலைக்கு ஏறிய வண்டி.
"கீறினால் உன் தலையில்" என்று சாவி தந்தான்.
கதவுப் பிடியில் ரிப்பன் விட்ட பசை.
இருக்கை இடுக்கில்
யாரோ ஒரு மணமகளின் காய்ந்த ரோஜா இதழ்.

கொட்டகலை தாண்டியதும் பனி.
முன்பு அடையாள அட்டை கேட்ட வாட்சர்
சங்கிலியை அவிழ்த்துவிட்டு சல்யூட் அடித்தார்.
கண்ணாடிக்குள் யார் என்று பார்க்கவேயில்லை.
நிறுவைக்கு நின்ற பெண்கள்
கொழுந்துச் சாக்கோடு அப்படியே திரும்பினார்கள்.

நான் நின்றபடி பேசிய அறையில்
இந்தமுறை நாற்காலி இருந்தது.
சாசரோடு தேத்தண்ணி வந்தது,
கிரீம் பிஸ்கட்கூட.
அதே கோப்பு. அதே சட்டப் பிரிவு.
போனதரம் சொன்னதைத்தான் சொன்னேன்,
ஒரு கமா மாறவில்லை.
கம்பெனிக்காரர் கேட்டுக்கொண்டே
ஜன்னலுக்கு வெளியே ஒருதரம் பார்த்தார்.
மூன்று தவணையில் தருவதாகக் கையெழுத்து.
பத்தில் ஆறு பங்கு
என் வாக்கியத்தால் என்று வைத்துக்கொள்வோம்.
இல்லை, ஐந்து.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
சிவனம்மா ஏறினாள்.
"மெதுவாப் போங்கம்மா.
லயத்துக்காரங்க பாக்கட்டும்."
கண்ணாடி இறங்கும் பொத்தானை
அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.
மூன்றாம் நம்பர் லயம் வரைக்கும்
அவள் முழங்கை பனியில் வெளியே இருந்தது.
அந்த முழங்கைக்குத்தான்
இந்த வண்டி வேண்டியிருந்ததோ என்னவோ.
எனக்கென்று நான் நினைத்திருந்தேன்.

பீஸைச் சம்பளச் சீட்டில் மடித்துத் தந்தாள்.
இரவு எண்ணிப் பார்த்தால்
பேசியதைவிட இரண்டாயிரம் கூட.
போன் எடுத்தேன்.
"பெரிய காரு லோயருக்குச்
சின்னக் காரு காசு குடுத்தா
நல்லாவா இருக்கும்?" என்றாள்.
வண்டி என்னுடையதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் லயத்துச் சனம் சிரிக்கும் சத்தம்,
ஒரு வீடே நிறைந்த சத்தம்.
சொல்லவில்லை.

திங்கட்கிழமை.
மாருதி. மேடு. மழை.
அந்த இரண்டாயிரம் டாஷ்போர்டில்
வருமான வரிப் பத்திரத்துக்கு அடியில் கிடக்கிறது.
குடை பிடித்த ஒருவர் ஓடிவந்தார்,
அந்தத் தோட்டத்துப் பக்கத்து டிவிஷனாம்.
"கறுப்புக் காரு லோயரம்மா
இங்கதானுங்களே?"

கல் கையில் இருந்தது.
"இப்ப வருவாங்க,
மேல போய் உக்காருங்க" என்றேன்.